வாளைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்தவன்

"அக்கா, நாளைக்கு ஒருக்கால் வீட்டை வந்திட்டுப் போங்கோ. பிள்ளை சவப்பெட்டியும் பிரேதமும் கீறின படமொண்டைக் குசினி மேசையிலை வைச்சிருக்கிறாள். எனக்கு நெஞ்சு பதறுது."

சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு வந்த ரெலிபோன் இது. பேசியவர் கிழக்கு லண்டனில் வசிக்கும் ஒரு தாய். எனக்கு இருபது வருடப் பழக்கம். சின்ன விடயத்துக்கெல்லாம் பதறுகிற ஆள் அல்ல. வலிகாமத்திலிருந்து 1995 ஐப்பசி இடப்பெயர்வில் நடந்து வந்தவர், அதன்பின் கிளாலிக் கடலேரியை இரவில் தாண்டியவர். அப்படிப்பட்டவர் ஒரு கடதாசிப் படத்துக்குப் பயப்படுகிறார் என்றால் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்.

மறுநாள் பின்னேரம் போனேன். மகளுக்கு வயது 19. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். என்னைக் கண்டதும், "அம்மா உங்களையும் கூப்பிட்டிட்டாவோ, அன்ரி?" என்று சிரித்தாள். மேசையில் தாய் காலையில் கொண்டுபோகும் தேத்தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. தாரோ என்று சொல்கிறார்களே, அந்தக் கட்டில் ஒன்று. 'நான்கு வாள்' என்பது அதன் பெயர்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தேவாலயத்தின் உட்புறம். கல்லறை ஒன்றின் மேல் ஒரு போர்வீரனின் உருவம் மல்லாந்து கிடக்கிறது. இரண்டு கைகளும் நெஞ்சின் மேல் கும்பிட்டபடி. அவனுக்கு மேலே சுவரில் மூன்று வாள்கள் முனை கீழே பார்த்தபடி தொங்குகின்றன. நாலாவது வாள் அவன் கிடக்கும் கல்லின் பக்கவாட்டில் நீட்டுக்குக் கிடக்கிறது. மூலையில் ஒரு வண்ணக் கண்ணாடி யன்னல். அதில் ஒருவர் முன்னால் இன்னொருவர் முழந்தாளிட்டிருக்கிறார். உற்றுப் பார்த்தால் சமாதானம் என்று பொருள்படும் மூன்றெழுத்து இலத்தீன் சொல்லும் தெரியும்.

"பாருங்கோ அக்கா, பிரேதந்தானே?" என்றார் தாய்.

"பிரேதமில்லை அம்மா, ரெஸ்ற் எடுக்கிறார்" என்றாள் மகள்.

இருவரும் சொன்னது சரிதான். கதையைத் தொடர முன்னர் இந்தச் சீட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பிள்ளைகள் இப்போது இவற்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். பெற்றோர் சிலர் பேய் பிசாசு என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர் பயத்தை விட்டுவிட்டுக் காசு கொடுத்துப் பலன் கேட்கப் போகிறார்கள். இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

தாரோ முதலில் சாத்திரம் அல்ல, விளையாட்டு. 15 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் பிரபுக்கள் வீட்டில் விளையாடிய கடதாசிக் கூட்டம் அது. மொத்தம் 78 சீட்டு. அதில் 56 நாம் விளையாடும் கடதாசியைப் போல நாலு சாதியாகப் பிரிந்தவை. கிண்ணம், நாணயம், தடி, வாள். நாங்கள் 'ஸ்கோப்பன்' என்று சொல்லும் இடத்தில் இத்தாலியர்களுக்கு வாள். மிச்சம் 22 இல் 21 சீட்டுகள் எப்போதும் துரும்பு. கடைசி ஒன்று கோமாளி. முந்நூற்று நாலு விளையாடிய நம் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. துரும்பைக் கேட்டு வைக்காமல், அச்சடிக்கும்போதே துரும்பாக அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிரான்சில் இன்றும் இதைக் காசில்லாமல் பொழுதுபோக்காக விளையாடுகிறார்கள். பாரிஸில் வேலைத்தலத்து இடைவேளையில் வெள்ளைக்காரர் பெரிய பெரிய கடதாசியைப் பிடித்துக்கொண்டிருப்பதை நம்மவர்கள் கண்டிருப்பார்கள்.

சாத்திரக் கதை முந்நூறு வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. 1781 இல் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், இது பழைய எகிப்தியரின் இரகசிய நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை அப்போது யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆதாரமும் இல்லை. ஆனால் கதை நன்றாக விலைபோனது. விலைபோகிற கதையை யார் விடுவார்கள்! அன்றிலிருந்து சீட்டுப் பார்த்துப் பலன் சொல்லும் தொழில் வளர்ந்தது.

மகள் வைத்திருந்த கட்டு 1909 இல் லண்டனில் ரைடர் என்ற பதிப்பகம் வெளியிட்டதன் மறுபதிப்பு. உலகத்தில் அதிகம் புழங்குவது அதுதான். திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிற் என்பவருடையது. படங்களைக் கீறியது பமெலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். லண்டனில் பிறந்து, சிறுவயதில் ஜமேய்க்காவில் வாழ்ந்து, நியூயோர்க்கில் சித்திரம் படித்தவர். அதுவரை வந்த கட்டுகள் பெரும்பாலானவற்றில் 'நான்கு வாள்' என்றால் நாலு வாளைக் கீறி விட்டுவிடுவார்கள், நம் கடதாசியில் நாலு புள்ளி இருப்பதைப் போல. ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் மனிதர்களை வைத்துக் காட்சியாகக் கீறியது பமெலாதான். சில மாதங்களில் முழுக் கட்டையும் முடித்தார். பெரிய வேலை, கிடைத்த காசு மிகக் கொஞ்சம் என்று அந்த வருடமே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கில் விற்ற கட்டு அது. பெட்டியில் வெகுகாலம் பதிப்பகத்தின் பெயரும் வெயிற்றின் பெயரும்தான் இருந்தன. பமெலா 1951 இல் கோர்ன்வோலில் கடனோடு இறந்தார். அவருடைய சாமான்களை ஏலம் விட்டார்கள். சீட்டின் மூலையில் பாம்பு வளைந்ததைப் போல மூன்று எழுத்து இருக்கும். அது அவர் கையெழுத்து. அடுத்த முறை பார்த்தால் தேடிப் பாருங்கள்.

இனி என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நடக்கப்போவது ஒரு கடதாசிக்குத் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஊரில் கிளி வெளியே வந்து அலகால் எடுத்துக் கொடுத்த சீட்டையும் நம்பியதில்லை. ஆனால் கிளிக்காரன் படத்தை விரித்து வாசிக்கும்போது கேட்டுக்கொண்டிருந்த கிழவி ஏன் அழுதாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குள் இருந்த ஒன்றுக்குப் படம் ஒரு சாட்டுக் கொடுத்தது. சீட்டால் முடிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் முடியும் என்று சொல்லிக் கழிப்புக் கழிக்க ஐந்நூறு பவுண் கேட்பவர் எந்த மதத்தவராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

இந்த வீட்டில் நடந்ததும் அதுதான். "சீட்டைக் குலுக்கி எடுத்தனியோ?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லை அன்ரி. தானா வரேல்லை. 78 ஐயும் பரப்பி வைச்சு நான்தான் தேடி எடுத்தனான். அம்மா காலமை நாலு மணிக்கு எழும்பிப் போகேக்கை காணட்டும் எண்டு வைச்சனான். வாயாலை சொன்னா அவ கேக்கிறா இல்லை."

தாய் பேசாமல் இருந்தார்.

அவருடைய நாளை எழுதுகிறேன். காலை 4 மணிக்கு எழும்புவார். 5 மணியிலிருந்து 8 மணிவரை நகரத்தில் ஓபிஸ் துப்புரவு வேலை. வீட்டுக்கு வந்து சமையல், உடுப்புத் தோய்த்தல். பின்னேரம் 2 மணிக்கு முதியோர் இல்லம், இரவு 10 மணிவரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கடையில் 5 மணித்தியாலம். கணவருக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. இருவரும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும் குடும்பம். நம்மில் இது புதினம் அல்ல.

நானும் மகளும் ஒரு கடதாசியில் கூட்டிப் பார்த்தோம். கிழமைக்கு 60 மணித்தியாலம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021 இல் ஒரு கணக்கு வெளியிட்டன. கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 வீதம் கூட. மாரடைப்பு வகை இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் கூட. அதற்கு மேல் நம் தெற்காசிய உடம்புக்கு நீரிழிவும் இருதய வியாதியும் இந்த நாட்டு வெள்ளையர்களைவிட அதிகம் என்பதும் தெரிந்ததே. இந்த நாட்டின் 1998 ஆம் ஆண்டு வேலைநேர விதிகள் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் 11 மணித்தியால இடைவெளி வேண்டும் என்கின்றன. இவருக்கு 7. அதில் பஸ்ஸில் போகும் நேரமும் அடக்கம். முதலாளிமார் வேறு வேறு என்பதால் ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. 48 மணித்தியால வரம்பு வேண்டாம் என்று கையெழுத்து வைக்கும் ஒரு தாளும் உண்டு. வேலைக்குச் சேரும் நாளில் மற்றத் தாள்களோடு அதையும் நீட்டுவார்கள். நம்மில் எத்தனை பேர் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தோம்?

"காசு தேவைப்படுதோ தங்கச்சி?" என்று கேட்டேன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

மகள்தான் பதில் சொன்னாள். "மாமாவே வாட்ஸ்அப்பிலை சொல்லீட்டார், 'அக்கா இனி அனுப்ப வேண்டாம், எனக்குக் கடை நல்லா ஓடுது' எண்டு. அம்மா இன்னும் அனுப்புறா. அவர் அதை எடுக்காமல் பாங்கிலை போட்டு வைச்சிருக்கிறார்."

அப்போதுதான் தாய் வாய் திறந்தார். 2009 இல் அவர் தம்பி குடும்பம் முள்ளிவாய்க்காலுக்குள் இருந்தது. இவர் மூன்று வயது மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றார். இரவு வீட்டுக்கு வந்தால் கட்டிலில் ஏறமாட்டார். "அவையள் பங்கருக்குள்ளை கிடக்கேக்கை நான் மெத்தையிலை படுக்கிறதோ?" என்று நிலத்தில் பாய் விரித்தார். ஐந்து பேராக இருந்த தம்பி குடும்பம் மூன்று பேராக முகாமுக்கு வந்து சேர்ந்தது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டார். ஆனால் அந்த எண்ணத்தைச் சுருட்டவில்லை. "படுத்தால் ஏதோ பிழை செய்யிற மாதிரி இருக்கு அக்கா. வேலையிலை நிண்டால் அந்த நினைப்பு இல்லை."

நான் பதில் சொல்லத் தெரியாமல் அந்தச் சீட்டைக் கையில் எடுத்தேன். ஓய்வு என்றால் கவலை தீர்ந்த பிறகு வருவது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். பிள்ளை படித்து முடியட்டும், தம்பி கரை சேரட்டும், விசா வரட்டும், பிறகு படுப்போம். இந்தப் படத்தில் அப்படி இல்லை. மூன்று வாளும் தலைக்கு மேலே அப்படியே இருக்கின்றன. ஒன்றும் உருகிப் போகவில்லை, யாரும் எடுத்துப் போகவில்லை. நாலாவது கைக்கு எட்டும் தூரத்தில். அவன் அவற்றுக்குக் கீழேதான் கிடக்கிறான். வரிசையைப் பார்த்தாலும் அதே கதை. இதற்கு முந்திய சீட்டு மூன்று வாள் ஊடுருவிய ஓர் இருதயம். அடுத்த சீட்டு மறுபடியும் சண்டை, வென்றவன் வாள்களை அள்ள, தோற்றவர்கள் முதுகு காட்டிப் போகிறார்கள். நடுவில் அகப்பட்ட இடைவெளியில் ஒருவன் படுத்திருக்கிறான்.

இன்னொன்றையும் மகள் காட்டினாள். வெயிற் 1911 இல் வெளிவந்த தன் விளக்க நூலில் இந்தச் சீட்டுக்குக் கொடுத்த பொருள்களில் விழிப்பு, ஒதுங்கல், தனிமை, துறவியின் ஓய்வு எல்லாம் உண்டு. அவற்றோடு ஒரு சொல், நாடு கடந்து வாழ்தல். நான் இரண்டு தரம் வாசித்தேன். ஓய்வும் அகதி வாழ்வும் ஒரே சீட்டிலா? வெயிற் எதை நினைத்து எழுதினாரோ, எனக்கு நினைவு வந்தது பாண்டவர்கள். அஞ்ஞாதவாசம் போகுமுன் ஆயுதங்களை எல்லாம் கட்டி வன்னி மரத்தில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் போனார்கள். எறிந்துவிடவில்லை, விற்கவுமில்லை. மாட்டி வைத்தார்கள். காலம் வந்ததும் அதே மரத்திலிருந்து இறக்கினார்கள். ஊரில் ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கத்தி, தையல் மெசின், புத்தகம் எல்லாவற்றையும் கும்பத்தடியில் வைத்துவிட்டு விசயதசமிவரை தொடமாட்டோம். கருவிக்கு லீவு கொடுத்தோம். பிடித்த கைக்குக் கொடுத்தோமா என்பது வேறு கேள்வி. கும்பத்தடிக்கு மோதகம் அவித்தது யார்?

மகள் இன்னொரு சீட்டை எடுத்துத் தாயின் முன் வைத்தாள். 'ஆறு வாள்'. ஒரு வள்ளம். பின்னால் ஒருவன் நின்று கோல் ஊன்றுகிறான். முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண் குனிந்து இருக்கிறாள், பக்கத்தில் ஒரு பிள்ளை. இருவரும் நமக்கு முதுகு காட்டியபடி. வள்ளத்தில் ஆறு வாள்கள் குத்தி நிற்கின்றன.

தாய் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது கிளாலி" என்றார்.

அந்தப் பெண்ணைக் கீறியவர் கிளாலியைக் கண்டதில்லை. 1909 இல் லண்டனில் ஒரு மேசையில் இருந்து கீறியது. ஆனால் அந்தக் குனிந்த முதுகு சரியாகத்தான் இருக்கிறது. இருட்டில், சத்தம் போடாமல், கரை எப்போது வரும் என்று கேட்காமல் இருந்த முதுகு. கட்டின் வரிசையில் நாலு முதலில், ஆறு பிறகு. படுத்து எழும்பியவன் வள்ளம் ஏறுகிறான். நம்மவர்களுக்கு வரிசை மாறிவிட்டது. ஆறு முதலில் வந்தது. நாலு பலருக்கு இன்னும் வரவில்லை.

"இங்கை வந்து ரெண்டு வருசம் சும்மாதானே இருந்தனான்" என்றார் தாய். 1999 இல் வந்து வழக்கு முடியக் காத்திருந்த காலத்தைச் சொல்கிறார். அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அதே பிழையைத்தான் செய்கிறோம். காத்திருப்பை ஓய்வின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தொண்ணூறுகளில் வழக்குப் பதிந்து ஆறு மாதம் போனபின் வேலை அனுமதி கேட்கலாம். 2002 இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு வருடம் கழித்துக் கேட்கலாம் என்றானது. அந்த மாதங்களில் அகதி ஒருவர் கட்டிலில் கிடக்கிறார் என்றால் அது ஓய்வா? தபால்காரன் கதவுத் துவாரத்தைத் திறக்கும் சத்தத்துக்கு நெஞ்சு அடிக்கிறது. கடித உறையின் நிறத்தைப் பார்த்தே கை நடுங்குகிறது. உடம்பு கிடக்கிறது, உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓய்வு தானாக எடுப்பது. இது பிடித்து இருத்தியது. இருத்தப்பட்ட அந்தக் கூச்சத்தில்தான் வேலை அனுமதி வந்த மறுநாளே இரண்டு வேலை, மூன்று வேலை என்று பாய்ந்தோம். கால் நூற்றாண்டு கழிந்தும் நிற்கத் தெரியவில்லை.

பொறுமை வேறு. அதற்கும் இந்தக் கட்டில் ஒரு சீட்டு உண்டு, 'ஏழு நாணயம்'. ஒரு தோட்டக்காரன் தன் தடியில் சாய்ந்துகொண்டு, செடியில் காய்த்ததுபோல் கிடக்கும் ஏழு வட்ட நாணயங்களைப் பார்த்து நிற்கிறான். பிடுங்கவும் இல்லை, கொத்தவும் இல்லை. தாய்க்கு அந்தப் படம் உடனே பிடித்துவிட்டது. "ஐயாவும் இப்பிடித்தான் மண்வெட்டியிலை சாஞ்சு நிப்பார். தண்ணி ஒரு பாத்தி நிறைஞ்சு மற்றப் பாத்திக்கு மாறுமட்டும்." வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் வைத்தவர் மகள் அவர். இறைப்பு நாளில் தண்ணீர் மாறுபவனுக்கு அந்த நிற்பும் வேலைதான். பாத்தி நிறையமுன் வரம்பை வெட்டினால் பயிர் காயும். பிந்தினால் வரம்பு உடைக்கும். நடுவில் நின்று பார்க்கத்தான் வேண்டும். யாரும் அவரைச் சோம்பேறி என்று சொன்னதில்லை. வெங்காயம் முற்றிவிட்டதா என்று நாளுக்கு ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பவனைத்தான் ஊர் சிரிக்கும்.

இதையெல்லாம் கதைத்து முடிய இரவாகிவிட்டது. தாய் எனக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுத் தந்தார். தான் நின்றுகொண்டே சாப்பிட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் கதிரையை இழுத்து விட்டேன். இருந்தார்.

பிறகு நடந்தது மகளின் ஏற்பாடு. தாய்க்குச் சேர்ந்து கிடந்த லீவில் ஒரு வேலைநாளை எடுக்க வைத்து, படத்தில் இருப்பதைக் கல்லில் காட்டுகிறேன் என்று ரெம்பிள் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். பிளீற் வீதிக்கும் தேம்ஸ் ஆற்றுக்கும் இடையில், வழக்கறிஞர்களின் அறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பழைய வட்டக் கோயில் அது. தளத்தில் கல் வீரர்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். 1219 இல் இறந்த வில்லியம் மார்ஷல் என்ற பிரபுவும் அங்கே உண்டு. சீட்டில் இருப்பவனைப் போல எல்லோரும் கும்பிட்டபடி இல்லை. சிலர் கால்மேல் கால் போட்டிருக்கிறார்கள். சிலர் கை வாளில். நம் ஊர் வீடுகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சரிந்த ஆம்பிளைகள் போல எனக்குத் தெரிந்தது. கோயிலுக்குள் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

சில உருவங்களில் முகம் சிதைந்திருந்தது. உடைந்து ஒட்டிய தழும்பும் தெரிந்தது. 1941 மே மாதம் ஜேர்மன் விமானங்கள் போட்ட தீக்குண்டில் கூரை பற்றி எரிந்து இவர்கள் மேல் விழுந்தது என்று மகள் வாசித்துச் சொன்னாள். பிறகு திருத்திப் பழைய இடத்திலேயே கிடத்தினார்கள்.

"இவையளுக்கு மேலையும் விழுந்ததோ?" என்றார் தாய். குனிந்து ஒரு கல் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரோரம் சுற்றிவர இருந்த கல் இருக்கையில் போய் இருந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சப்பாத்தை அரைவாசி கழற்றி, குதிக்காலை வெளியே விட்டுக்கொண்டு இருந்தார். நாங்கள் தேவாலயம் முழுவதும் சுற்றி முடித்து வந்தபோதும் அப்படியே இருந்தார். கண் மூடியிருந்தது. எழுப்பவில்லை. அரை மணித்தியாலம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கடை வேலையை விட்டுவிட்டார் என்று மாசி மாதத்தில் கேள்விப்பட்டேன். மற்ற இரண்டையும் விடவில்லை. விடச்சொல்லி நானும் சொல்லவில்லை. மகள் கிழமைக்கு 60 ஐ அடித்து 55 என்று குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். இன்னும் கூடத்தான். கீழே இடம் விட்டு எழுதியிருக்கிறாளாம்.

வேலை இல்லாத முதல் ஞாயிறு பகல் எனக்கு ரெலிபோன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார், களவெடுத்த சின்னப்பிள்ளை மாதிரி.

"அக்கா, நாலு மணிக்கு முழிச்சனான். தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தனான். இப்ப நேரம் பதினொண்டு. இப்பத்தான் எழும்பினனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

இதை எழுதலாமா என்று பிறகொரு நாள் கேட்டேன். யோசித்துவிட்டு, "பேரைப் போடாமல் எழுதுங்கோ" என்றார். "பதினொண்டு எண்டு போடாதேங்கோ. ஒன்பது எண்டு போடுங்கோ."